ஏழாம் அத்தியாயம்: ஸ்டைல்களையும் வர்ணத் தொகுதியையும் நமக்கேற்ப அமைத்துக்கொள்ளுதல்

பள்ளிக்கூடம் ஒன்றின் நூற்றாண்டு மலரைத் தயாரிக்கும் பொறுப்பு உங்களிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய மாணவர்களும் ஆசிரியர்களும் எழுதி அனுப்பிய கட்டுரைகள், நடுநடுவே வாழ்த்துச் செய்யுட்கள், புகைப்படங்கள், அவற்றின் கீழே விளக்கங்கள், கடைசியில் நன்கொடையாளர் பட்டியல் என்று இருநூறு பக்கங்களுக்குக் குறையாத விஷயத்தை வேர்டில் ஒழுங்குபடுத்தி முடித்து, நாளை அச்சகத்துக்கு அனுப்பலாம் என்றிருக்கும் தறுவாயில், மலர்க் குழுவின் தலைவர் புரூஃபைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உபதலைப்புகள் சற்றே சிறியனவாகத் தெரிகின்றன, அந்த நீலமும் வேண்டாம், நம் பள்ளிக் கொடியின் அரக்கு நிறமே இருக்கட்டும்" என்கிறார். அவர் கேட்பது நியாயமானதே. ஆனால் ஒவ்வொரு உபதலைப்பையும் தனித்தனியே தேர்ந்தெடுத்து, தனித்தனியே கொட்டை எழுத்தாக்கி, தனித்தனியே நிறமேற்றியிருப்பவர் அன்றிரவு முழுவதும் விழித்திருந்து இருநூறு பக்கங்களையும் தேட வேண்டும். அப்படித் தேடியும் நான்கைந்து இடங்கள் கண்ணுக்குத் தப்பிவிடும். ஸ்டைல்களைக் கொண்டு அமைத்தவரோ இரண்டு இடங்களில் மட்டும் மாறுதல் செய்துவிட்டு, தலைவர் நாற்காலியை விட்டு எழுவதற்குள் புதிய தோற்றத்தைக் காட்டிவிடுவார்.

இந்த வித்தியாசம் கைத்திறமையினால் நேர்வதன்று. ஒரு வரியைப்பற்றிக் கணிப்பொறிக்கு நாம் என்ன சொல்லி வைத்தோம் என்பதனால் நேர்வது. "இந்த வரி பதினாறு பாயிண்டு, நீலம், கொட்டை எழுத்து" என்று சொல்லியிருந்தால் அது தோற்றத்தை மட்டுமே அறியும். "இந்த வரி ஓர் உபதலைப்பு" என்று சொல்லியிருந்தால், அந்த வரி ஆவணத்தில் வகிக்கும் ஸ்தானத்தை அறிந்துகொள்ளும். நாடகத்தில் ராஜா வேஷம் என்பது ஒன்று, அந்த வேஷத்துக்கு இன்று தைத்திருக்கும் சட்டை வேறொன்று. சட்டையை எத்தனை முறை மாற்றினாலும் வேஷம் மாறுவதில்லை. ஸ்டைல் என்பது வேஷத்தின் பெயர். இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் சகல காரியங்களும், வர்ணங்களைப் பற்றியவை உட்பட, முதலில் ஸ்தானத்துக்குப் பெயரிடுதல், பிறகு தோற்றத்தை ஒரே இடத்தில் நிர்ணயித்தல் என்னும் இந்த ஒரு விதியின் விரிவே ஆகும்.

இவ்விதியை நாம் கையாளும் வேர்டின் வம்சம் பழையது. 1974ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் பட்லர் லாம்ப்ஸனும் சார்லஸ் சிமோனியும் முன்னின்று 'பிராவோ' என்ற எழுத்துச் செயலியை உருவாக்கினார்கள். திரையில் காண்பதே தாளில் அச்சாகும் என்ற வசதியைத் தந்த ஆதி முயற்சிகளில் அது பிரதானமானது. சிமோனி 1981இல் மைக்ரோசாஃப்டில் சேர்ந்தார்; வேர்டின் முதற்பதிப்பு 1983இல் வெளிவந்தது. தீம் என்று இப்போது வழங்கும் வர்ண, எழுத்துருத் தொகுதியோ பின்னர் 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் 'டாக்ஸ்' என்ற புதிய கோப்பு வகையோடு சேர்ந்து வேர்டில் முழு வடிவம் பெற்றது. பழைய 'டாக்' வகைக் கோப்பு ஒன்றைத் திறந்தால் தீம் பொத்தான்கள் மங்கிக் கிடப்பதற்குக் காரணம் இதுவே. அக்கோப்பைப் புதிய வகையில் சேமித்த பிறகு அவை உயிர்பெறும்.

ஸ்டைல்களில் பத்திக்குரியவை, எழுத்துக்குரியவை, அட்டவணைக்குரியவை, பட்டியலுக்குரியவை எனப் பல ஜாதிகள் உண்டு. மலர் போன்ற வேலைக்குப் பத்தி ஸ்டைலே பெரும்பகுதியும் பயன்படும். ஹோம் பட்டையில் வரிசையாகத் தோன்றும் பெயர்களில் ஒன்றின்மீது வலச் சொடுக்கு செய்து 'மாடிஃபை' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பெட்டி திறக்கும். அப்பெட்டியில் எழுத்துருவும் அளவும் நிறமும் கண்ணைக் கவரும். ஆனால் அவற்றுக்கு மேலே அடக்கமாக நிற்கும் இரண்டு வரிகளே முதலில் கவனிக்கத் தக்கவை.

ஒன்று, 'ஸ்டைல் பேஸ்ட் ஆன்' என்பது. இந்த ஸ்டைல் எதிலிருந்து பிறந்தது என்பதை அது சொல்கிறது. பிள்ளை ஸ்டைலில் நாம் வேறாகக் குறிப்பிடாத ஒவ்வொரு குணமும் தாய் ஸ்டைலிலிருந்தே வரும். ஆகவே தாயை மாற்றினால் பிள்ளைகளெல்லாம் கூடவே மாறும். வேர்டில் அநேகமாக எல்லாப் பத்தி ஸ்டைல்களுக்கும் மூலம் 'நார்மல்'. கட்டுரையின் பத்திகளுக்கு முதல் வரி உள்தள்ளல் வேண்டுமென்று ஒருவர் நார்மலிலேயே அதைச் செய்துவிட்டால், தலைப்பும் பட விளக்கமும் பட்டியலும்கூட உள்தள்ளி நிற்கும். காரணம் புரியாமல் அவர் ஒவ்வொன்றையும் கையால் திருத்தத் தொடங்குவார். ஆதலின் நார்மலில் எழுத்துரு, அளவு, மொழி ஆகிய பொதுக் குணங்களை மட்டும் வைத்துவிட்டு, கட்டுரைப் பத்திக்கென்று நார்மலிலிருந்து பிறக்கும் வேறொரு ஸ்டைலை உண்டாக்கிக்கொள்வதே உசிதம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். அதற்குக் 'கட்டுரைப் பத்தி' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், வேர்டு ஆட்சேபிப்பதில்லை.

மற்றொன்று, 'ஸ்டைல் ஃபார் ஃபாலோயிங் பாராகிராஃப்'. ஒரு பத்தியை முடித்து என்டர் விசையைத் தட்டியதும் அடுத்த பத்தி எந்த ஸ்டைலில் தொடங்க வேண்டும் என்பதை இதில் குறிக்கிறோம். கட்டுரைத் தலைப்புக்குப் பின் 'ஆசிரியர் பெயர்', அதன் பின் 'கட்டுரைப் பத்தி', அதன் பின் மறுபடியும் 'கட்டுரைப் பத்தி' என்று சங்கிலியாகக் கோத்துவிட்டால், தட்டச்சு செய்பவர் ஸ்டைலைப்பற்றி நினைக்காமலே எழுதிக்கொண்டு போகலாம்.

தலைப்புகளுக்கு மட்டும் சொந்த ஸ்டைல் உண்டாக்க முற்படாமல், வேர்டில் உள்ள 'ஹெடிங் 1', 'ஹெடிங் 2' என்பவற்றையே எடுத்துத் தோற்றத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பொருளடக்கம் தானாகத் தயாராவதும், பக்கவாட்டில் நேவிகேஷன் பலகையில் தலைப்புகள் வரிசையாகத் தோன்றுவதும், பி.டி.எஃப். ஆக்கும்போது அத்தலைப்புகள் புத்தகக்குறிகளாவதும், பார்வையற்ற வாசகரின் திரைபடிப்பான் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுவதும் இவற்றை ஆதாரமாகக் கொண்டே நடைபெறுகின்றன. ஆல்ட், கண்ட்ரோல் இரண்டையும் அழுத்தியபடி 1, 2, 3 என்ற எண்களைத் தட்டினால் அந்தந்தத் தலைப்பு ஸ்டைல் உடனே ஏறும்.

இனி, ஒரு ஸ்டைலை ஆதியிலிருந்து செய்து பார்ப்போம். மலரில் வாழ்த்துச் செய்யுட்கள் வருகின்றன அல்லவா? அவற்றுக்குச் 'செய்யுள்' என்றொரு ஸ்டைல் வேண்டும். நான்கடிச் செய்யுளைத் தட்டச்சு செய்யும்போது, ஒவ்வோர் அடியின் முடிவிலும் என்டர் தட்டாமல், ஷிஃப்டுடன் சேர்த்து என்டரைத் தட்ட வேண்டும்; அப்போது நான்கடியும் ஒரே பத்தியாக இருக்கும், பத்தி இடைவெளி அடிகளுக்கிடையே புகாது. பிறகு இடப்புறம் ஒன்றரை சென்டிமீட்டர் உள்தள்ளலும், மேலும் கீழும் ஆறு பாயிண்டு இடைவெளியும் கொடுத்து, சீரமைப்பை இடப்புறமாக வைக்க வேண்டும். இரு ஓரங்களையும் சமப்படுத்தும் 'ஜஸ்டிஃபை' இருந்தால், ஷிஃப்ட்-என்டரில் முடியும் அடிகளின் சீர்கள் ஓரம் முதல் ஓரம் வரை இழுபட்டு, நடுவில் பெரும் இடைவெளிகளோடு அவலட்சணமாகத் தோன்றும். கட்டுரைப் பத்தி சமப்படுத்தப்பட்டிருந்து, செய்யுள் ஸ்டைல் அதிலிருந்து பிறந்திருந்தால் இந்தக் கோளாறு கண்டிப்பாக வரும். அடுத்து, பத்திப் பெட்டியின் இரண்டாம் பக்கத்தில் 'கீப் லைன்ஸ் டுகெதர்' என்பதைக் குறியிட்டால், இரண்டடி ஒரு பக்கத்திலும் இரண்டடி மறு பக்கத்திலுமாகச் செய்யுள் பிளவுபடாது. அதே இடத்திலுள்ள 'கீப் வித் நெக்ஸ்ட்' தலைப்புகளுக்கும், படத்தின் மேலே எழுதும் விளக்கங்களுக்கும் உரியது. தலைப்பு பக்கத்தின் அடியில் அநாதையாக நின்றுவிடாமல் அது காக்கும். எல்லாம் திருப்தியாக அமைந்த பின், அப்பத்தியில் சுட்டியை வைத்து, ஸ்டைல் வரிசையின் ஓரத்து அம்பைத் திறந்து, 'கிரியேட் எ ஸ்டைல்' என்பதைத் தேர்ந்து பெயரைக் கொடுத்தால் ஸ்டைல் பிறந்துவிடும்.

தமிழில் எழுதுவோர் அவசியம் அறிய வேண்டிய விசேஷம் ஒன்று உண்டு. ஒரே ஸ்டைலில் வேர்டு இரண்டு எழுத்துருக்களை நினைவில் வைத்திருக்கிறது: இலத்தீன் எழுத்துகளுக்கு ஒன்று, தமிழ், அரபி முதலிய 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' எழுத்துகளுக்கு மற்றொன்று. அளவும், கொட்டை எழுத்தா இல்லையா என்பதும்கூட இரண்டுக்கும் தனித்தனி. ஆபீஸின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்திருந்தால்தான் எழுத்துருப் பெட்டியில் இந்த இரண்டாம் பகுதி கண்ணுக்குத் தெரியும். தலைப்பைப் பதினெட்டு பாயிண்டாக்கியும் தமிழ் மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறதே என்று பலர் திகைப்பது, மேற்பகுதியை மட்டும் மாற்றிவிட்டுக் கீழ்ப்பகுதியைப் பாராமல் விடுவதனால்தான். இந்தப் பிரிவினையில் ஓர் அநுகூலமும் இருக்கிறது. ஒரே பாயிண்டு அளவில் தமிழ் எழுத்து அகலமாகவும் அருகிலுள்ள ஆங்கிலச் சொல் மெலிந்தும் தோன்றினால், தமிழுக்குப் பதினொன்றும் ஆங்கிலத்துக்குப் பன்னிரண்டுமாக வைத்து இரண்டையும் கண்ணுக்குச் சமமாக்கிக்கொள்ளலாம். விண்டோஸில் லதா, விஜயா, நிர்மலா யு.ஐ. ஆகிய தமிழ் எழுத்துருக்கள் வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றை நார்மல் ஸ்டைலின் கீழ்ப்பகுதியில் வெளிப்படையாகக் குறித்துவிடுவது, தீமின் போக்குக்கு விட்டுவிடுவதைக் காட்டிலும் பத்திரமானது. வரி இடைவெளியில் 'எக்ஸாக்ட்லி' என்பதை விலக்குவதும் நல்லது. அதில் குறித்த உயரம் போதாவிட்டால் 'கி', 'கீ' போன்ற எழுத்துகளின் மேற்கொக்கி வெட்டுண்டு போகும்; 'மல்டிபிள்' என்பதில் 1.2 அல்லது 1.25 வைத்தால் தமிழ்ப் பக்கம் காற்றோட்டமாக இருக்கும்.

கட்டுரையாளர்களில் சிலர் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து அனுப்புவார்கள். அவற்றில் கோப்பினுள் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. எழுத்துருவே அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. அத்தகைய கட்டுரைக்கு நம் ஸ்டைலை ஏற்றிய கணமே பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகிவிடும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் பிறகே மலரில் சேர்க்க வேண்டும். தமிழ்நாடு அரசே 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டபடியால், பழைய முறையில் தொடர்ந்திருக்க எவருக்கும் நியாயமில்லை.

பிறர் கோப்பிலிருந்து ஒட்டும்போது 'மெர்ஜ் ஃபார்மாட்டிங்' முறையில் ஒட்டினால் அவர்களுடைய எழுத்துருவும் அளவும் நீங்கி, சாய்வெழுத்தும் கொட்டை எழுத்தும் மட்டும் நிலைக்கும். வெறுமனே ஒட்டினால் அவர்களுடைய ஸ்டைல்களும் கூடவே குடியேறி, நம் ஸ்டைல் பட்டியல் நாளடைவில் அடையாளம் தெரியாத பெயர்களால் நிரம்பிவிடும். ஒரு பத்தி சொன்னபடி கேட்காமல் முரண்டு செய்தால், அதைத் தேர்ந்து கண்ட்ரோலுடன் ஸ்பேஸ் தட்டினால் எழுத்தின்மேல் கையால் ஏற்றியவையும், கண்ட்ரோலுடன் கியூ தட்டினால் பத்தியின்மேல் ஏற்றியவையும் களையப்பட்டு ஸ்டைலின் சுத்த சொரூபம் வெளிப்படும்; உள்ளேயிருக்கும் நியாயமான சாய்வெழுத்துகளும் போய்விடும் என்பதால் ஜாக்கிரதையாகச் செய்ய வேண்டும். மாடிஃபை பெட்டியின் அடியிலுள்ள 'ஆட்டோமேட்டிக்லி அப்டேட்' என்ற குறியை எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். ஒரே ஒரு தலைப்பை நடுவில் வைக்க எண்ணி மாற்றினால் மலரிலுள்ள எல்லாத் தலைப்புகளும் நடுவே நகர்ந்துவிடும்.

இப்போது வர்ணங்களுக்கு வருவோம். 'தீம்' என்ற சொல் ஆபீஸில் இரு வேறு பொருள்களில் வழங்குவதால் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும்: அக்கவுண்ட் பக்கத்தில் கறுப்பு, வெள்ளை என்று தேர்ந்தெடுப்பது திரையின் சட்டகத்துக்கு மட்டுமே உரியது, அது அச்சிடப்போகும் ஆவணத்தைத் தொடுவதில்லை. நாம் பேசுவது டிசைன் பட்டையிலுள்ள 'கலர்ஸ்' பற்றி.

எழுத்தின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் பலகையைத் திறந்து பாருங்கள். மேலே பத்து நெடுவரிசைகள் 'தீம் கலர்ஸ்' என்றும், அவற்றின் கீழே பத்து நிறங்கள் 'ஸ்டாண்டர்டு கலர்ஸ்' என்றும் இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றினாலும் இயல்பில் முற்றிலும் வேறானவை. கீழேயுள்ள சிவப்பு என்றும் சிவப்பே. மேலேயுள்ளதோ நிறமன்று, ஒரு ஸ்தானம். 'அக்சென்ட் 1' என்ற நெடுவரிசையிலிருந்து ஒரு நிறத்தை எடுத்துத் தலைப்பு ஸ்டைலில் வைத்தால், அந்த ஸ்தானத்தின் பெயரையே கோப்பு நினைவில் வைக்கிறது. தொகுதியை மாற்றும்போது அந்த ஸ்தானத்தில் எந்த நிறம் வந்து அமர்கிறதோ அதைத் தலைப்பும் ஏற்றுக்கொள்கிறது. ஒவ்வொரு அக்சென்ட் நிறத்தின் கீழும் அடுக்கியிருக்கும் ஐந்து சாயைகளும் அப்படியே: அவை பொதுவாக எண்பது, அறுபது, நாற்பது சதவீதம் வெளுத்தவையும், இருபத்தைந்து, ஐம்பது சதவீதம் இருண்டவையுமாக மூல நிறத்திலிருந்தே கணக்கிடப்படுவதால் மூலத்தோடு சேர்ந்தே மாறும். மலர்க் குழுத் தலைவர் நீலத்தை அரக்காக மாற்றச் சொன்னபோது ஸ்டைல் அறிந்தவருக்குச் சிரமமில்லாமல் போனது, அவர் தலைப்பு, பட்டைக்கோடு, அட்டவணை ஆகிய யாவற்றுக்கும் மேல் வரிசைகளிலிருந்தே நிறம் எடுத்திருந்தபடியால்தான். வேர்டில் வரைந்த வரைபடங்களும் அவற்றோடு சேர்ந்து மாறும், புகைப்படங்கள் மாறா.

'கலர்ஸ்' பட்டியலின் அடியிலுள்ள 'கஸ்டமைஸ் கலர்ஸ்' என்பதைத் திறந்தால் பன்னிரண்டு ஸ்தானங்கள் தெரியும்: எழுத்துக்கும் பின்புலத்துக்குமாக இருண்டவை இரண்டு, வெளிறியவை இரண்டு, அக்சென்ட் ஆறு, இணைப்புக்கு ஒன்று, சென்று பார்த்த இணைப்புக்கு ஒன்று. பள்ளிக் கொடியின் அரக்கு நிறத்தை அக்சென்ட் 1இல் வைக்க, 'மோர் கலர்ஸ்' சென்று சிவப்பு 128, பச்சை 0, நீலம் 32 என எண்களைக் கொடுக்கலாம். இரண்டாவது அக்சென்ட் அதற்கு இசைந்த ஒரு கரும்பச்சையாகவோ சாம்பல் நீலமாகவோ இருக்கட்டும். ஆறு ஸ்தானங்கள் இருக்கின்றன என்பதற்காக ஆறு நிறங்களையும் பக்கத்தில் இறைக்க வேண்டியதில்லை. ஒரு நிறமும் அதன் சாயைகளுமே மலரை நடத்திச் செல்லப் போதுமானவை. நடை அழகாக இருக்கும் கட்டுரைக்கு வர்ணம் இரண்டாவது துணை மட்டுமே.

நிறத்தைத் தேர்வதில் அழகைவிட முதன்மையானது படிக்க இயலுமா என்பது. எழுத்தின் ஒளிக்கும் தாளின் ஒளிக்கும் உள்ள விகிதம் சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1 என்றும், பெரிய எழுத்துக்கு 3க்கு 1 என்றும் குறைந்தபட்சம் இருக்க வேண்டுமென்பது இணைய உள்ளடக்கத்துக்கான சர்வதேச அணுகல் நெறிகளில் கண்ட அளவு. அச்சுக்கும் அதை அளவுகோலாகக் கொள்வதில் பிழையில்லை. மேற்சொன்ன அரக்கு வெள்ளைத் தாளில் 10க்கு 1 என்ற அளவையும் தாண்டி நிற்கிறது. ஆனால் 2013 முதல் பல ஆண்டுகள் ஆபீஸின் இயல்புத் தொகுதியில் அக்சென்ட் 4 ஆக இருந்த பொன்மஞ்சளை வெள்ளையின்மேல் எழுத்தாக வைத்தால் விகிதம் ஏறக்குறைய 1.6 மட்டுமே, முதியவர் கண்ணுக்கு அந்த எழுத்து இருப்பதே தெரியாது. அத்தகைய நிறத்தை அட்டவணையின் தலைவரிசைக்குப் பின்புலமாக வைத்து, மேலே கறுப்பெழுத்து எழுதினால் அது மிக இனிமையாக இருக்கும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத பார்வையுடையோர், விசேஷமாக ஆண்களில், கணிசமாக இருப்பதால், நன்கொடை கொடுத்தவர்களைப் பச்சையிலும் நிலுவை வைத்தவர்களைச் சிவப்பிலும் காட்டுவது போன்ற ஏற்பாடுகளில் நிறத்தோடு ஒரு சொல்லோ குறியோ சேர்ந்திருக்க வேண்டும். தொகுதியை முடித்ததும் ஒரு பக்கத்தைக் கறுப்பு-வெள்ளையில் அச்சிட்டுப் பார்த்தால், எந்த இரண்டு நிறங்கள் ஒரே சாம்பலாகிவிடுகின்றன என்பது உடனே வெளியாகும்.

நிறங்களும் எழுத்துருக்களும் ஒருவாறு தீர்மானமான பின், டிசைன் பட்டையில் 'தீம்ஸ்' பட்டியலின் அடியிலுள்ள 'சேவ் கரண்ட் தீம்' மூலம் அவற்றை ஒரு தனிக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளலாம். அதே கோப்பை எக்ஸெலும் பவர்பாயிண்டும் ஏற்றுக்கொள்வதால், மலரின் கணக்கு அட்டவணையும் வெளியீட்டு விழாவில் காட்டும் ஸ்லைடுகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாகத் தோன்றும். ஸ்டைல்களும் சேர்ந்து வேண்டுமானால் ஆவணத்தையே 'டெம்ப்ளேட்' ஆகச் சேமிக்க வேண்டும். மாடிஃபை பெட்டியில் 'நியூ டாக்குமெண்ட்ஸ் பேஸ்ட் ஆன் திஸ் டெம்ப்ளேட்' என்பதை யோசியாமல் தேர்ந்தால், வேறு டெம்ப்ளேட் வகுக்காதவர்க்கு அம்மாறுதல் வேர்டின் பொது டெம்ப்ளேட்டிலேயே பதிந்து, மறுநாள் எழுதும் விடுப்பு விண்ணப்பத்திலும் அரக்குத் தலைப்பு வந்து நிற்கும். ஒரே ஆவணத்தில் பலர் கை வைக்கும்போது, ரிவ்யூ பட்டையிலுள்ள 'ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்' வழியாக, நாம் வகுத்த ஸ்டைல்களைத் தவிர வேறெதையும் பிரயோகிக்க முடியாதபடி பூட்டலாம். தீம் மாறாமல் தடுக்கும் குறியும் அவ்விடத்திலேயே இருக்கிறது.

லிப்ரேஆபீஸ் ரைட்டரைப் பயன்படுத்துவோர்க்கும் மேற்சொன்ன விதிகளில் பெரும்பாலானவை பொருந்தும். எஃப் 11 விசையில் ஸ்டைல் பலகை திறக்கும். தமிழ் எழுத்துரு அங்கே 'சி.டி.எல்.' என்ற பகுதியில் குறிக்கப்படும். பக்கத்துக்கென்றே தனி ஸ்டைல் உண்டு என்பது வேர்டில் இல்லாத ஒரு சிறப்பு. முதற்பக்கம், இடப்பக்கம், வலப்பக்கம் என்று ஓரங்களையும் தலைக்குறிப்புகளையும் வேறுபடுத்த வேண்டிய புத்தக வேலைக்கு அது பெரிதும் ஒத்தாசையானது.

அச்சகத்துக்கு அனுப்பும்போது வேர்டு கோப்பை மட்டும் அனுப்பாமல் பி.டி.எஃப். ஆக்கி அனுப்புவது உத்தமம். கோப்பையே கேட்டார்களானால், ஆப்ஷன்ஸில் 'சேவ்' என்ற பக்கத்தில் எழுத்துருக்களைக் கோப்பினுள் பொதியும் குறியை வைத்து அனுப்புக. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரமோ நீலப்பச்சை, ஊதாச்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் காட்டுகிறது. ஆகவே திரையில் கண்ட அரக்கு தாளில் சற்று மங்கியோ பழுப்பேறியோ வரக்கூடும். உள்பக்கங்களுக்குப் பயன்படுத்தப்போகும் அதே தாளில், தலைப்பும் அட்டவணையும் உள்ள ஒரு பக்கத்துக்கு வர்ணப் புரூஃப் கேட்டு வாங்கி, பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நிறம் திருப்தியளிக்காவிட்டால் அக்சென்ட் 1இன் எண்களைச் சற்றுத் திருத்தி, மறுபடியும் பி.டி.எஃப். எடுத்தால் போதும்.